எண்பத்தொன்பது வெள்ளி ரவுட்டர்

ரவுட்டர் வாங்குவதா வேண்டாமா என்று பேச்சு எழுந்ததுமே லயம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருப்பது ஆறே வீடு, அதில் இரண்டு கட்சி. நம் ஆட்கள் நாலு பேர் கூடினால் வேறு எப்படி இருக்கும்?

"இண்டர்நெட் லைனே இல்லாத எடத்துக்கு ரவுட்டர் எதுக்குலா? மாடே இல்லாத வீட்டுக்கு மூக்கணாங்கயிறு வாங்குற மாதிரி இருக்கு," என்றான் யோகேந்திரன். கடைசி வீட்டுக்காரன், லோரி ஓட்டுகிறவன். எதையும் முதலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிறகுதான் யோசிப்பான்.

குமுதவல்லி பொறுமையாக விளக்கினாள். "இண்டர்நெட்டுக்கு இல்ல தம்பி. எங்க அண்ணன் லேப்டாப்புல இருக்கிற ஃபைல நீ ஒன் வீட்டுல ஒக்காந்தே தொறக்கலாம். எங்க வீட்டு பிரிண்டர்ல ஆறு வீடும் பிரிண்ட் எடுக்கலாம். அதுக்குத்தான்."

குமுதவல்லிக்கு நாற்பத்தாறு வயது. செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிராணி, சாமான் கணக்கு எழுதுகிற வேலை. புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். ஒரே மகள் மோகனா ஜொகூரில் தாதியர் படிப்புப் படிக்கிறாள். கோலா சாவா பக்கத்துத் தோட்டத்தில், இரண்டாம் டிவிஷனின் இந்த லயத்து வீட்டை விட்டால் அவளுக்குத் தலை சாய்க்க வேறு இடம் கிடையாது. அடுத்த வீடு அவள் அண்ணன் தங்கராஜுவுடையது. ஒரே சுவர்தான் நடுவில்.

தோட்டத்தைக் கம்பெனி விற்றுவிட்டது. ரப்பர் பால்மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தபோது பாதிப் பேர் போனார்கள். செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வருகிறது என்றதும் மீதிப் பேரும் போனார்கள். எஞ்சிய ஆறு குடும்பமும் சிரம்பானில் ஒரு வக்கீலைப் பிடித்தன. அவர் சொன்னது ஒரே வார்த்தைதான். ஆறு பேரும் ஒன்றாக நின்றால் கம்பெனியிடம் ஆளுக்கொரு வீடு கேட்டு வாதாடலாம், ஒரு குடும்பம் ரொக்கத்தை வாங்கிக்கொண்டு கழன்றாலும் மனு நிற்காது. கம்பெனியும் சும்மா இல்லை. இந்த மாதம் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு ரொக்கம், அதற்குப் பிறகு ஒன்றும் கிடையாது என்று கடிதம் அனுப்பியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமையைத் தாண்டிவிட்டால், திங்கட்கிழமை ஆறு பேரும் வக்கீலிடம் போய்க் கூட்டு மனுவில் கையெழுத்துப் போட வேண்டும்.

அதனால் மாரியம்மன் கோயிலில் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்தார்கள். தங்கராஜுதான் முதலில் சூடத்தைக் கையால் அடித்து அணைத்தார். இரண்டாம் வீட்டு அந்தோனியம்மாள் கோயில் வாசலிலேயே நின்று, ஜெபமாலையைக் கையில் பிடித்து, "மாதா மேல சத்தியமா நான் தனியாப் போவ மாட்டேன்," என்றாள். ஆறு வீடும் செய்த அந்தச் சத்தியத்தின் மேல்தான் குமுதவல்லியின் வீடு நின்றது.

சத்தியம் செய்தால் போதுமா? வக்கீல் காகிதம் கேட்டார். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், அப்பன் பாட்டன் வேலை செய்ததற்கு ஆதாரம் என்று ஒவ்வொரு குடும்பமும் ஒரு கட்டு கொடுக்க வேண்டும். அதெல்லாம் தங்கராஜுவின் லேப்டாப்பில் சேர்ந்தது. அங்கிருந்து பென் டிரைவில் ஏறி வீடு வீடாக ஊர்வலம் போனது. போன இடத்தில் எல்லாம் வைரஸ் வாங்கிக்கொண்டு வந்தது. ஒரு தடவை யோகேந்திரனின் கால்சட்டைப் பையில் கிடந்து வாஷிங் மெஷினில் குளித்துவிட்டும் வந்தது. அதற்குப் பிறகுதான் அவனும் ரவுட்டர் கட்சிக்கு மாறினான்.

ஆளுக்குப் பதினைந்து வெள்ளி, அதாவது பதினைந்து ரிங்கிட், போட்டார்கள். வாங்கும் பொறுப்பு குமுதவல்லியின் தலையில் விழுந்தது. ஸ்டோர் கிராணி, சாமான் பார்த்து வாங்கத் தெரிந்தவள் என்று பெயர்.

அம்பாங்கானில் அவள் போன கடையில் சசிதரன் என்று ஒரு விற்பனையாள் இருந்தான். மூன்று பெட்டிகளை எடுத்து மேசை மேல் வைத்தான். ஐம்பத்தொன்பது வெள்ளிக்கு ஒன்று, எண்பத்தொன்பதுக்கு ஒன்று, இருநூற்றெழுபத்தொன்பதுக்கு ஒன்று. முதல் பெட்டியைத் திருப்பிப் பார்த்ததுமே குமுதவல்லி ஒதுக்கிவிட்டாள். பின்னால் பிரிண்டர் வயரைச் செருக இடமே இல்லை. மூன்றாவதில் கொம்பு மாதிரி நாலு ஆண்டெனா, பின்னால் இரண்டு துளை. ஒன்றில் பிரிண்டர், இன்னொன்றில் ஃபைல் வைக்கும் டிஸ்க். யாருடைய லேப்டாப் மூடியிருந்தாலும் ஃபைல் எப்போதும் கிடைக்கும். நடுவில் இருந்தது இரண்டுங்கெட்டான். இரண்டு கொம்பு, ஒரே துளை. பிரிண்டரைச் செருகலாம். ஃபைல் அண்ணன் லேப்டாப்பிலேயே இருக்க வேண்டியதுதான், அவர் அதைத் திறந்து வைத்திருக்கும்போது மட்டும் மற்றவர்களுக்குத் தெரியும்.

"செவரத் தாண்டிப் போகுமா?" என்று கேட்டாள். தன் வீட்டிலிருந்து யோகேந்திரன் வீட்டு வாசல் வரை காலடியால் அளந்துகொண்டுதான் வந்திருந்தாள்.

"எந்த மாதிரி செவரு அக்கா?"

"லயத்துச் செவரு. தலை ஒசரத்துக்குக் கல்லு, அதுக்கு மேல பலகை, பலகைக்கு மேல ஒண்ணும் இல்ல. அடுத்த வீட்டுல தும்முனா இங்க நூறாயுசு சொல்லலாம்."

சசிதரன் சிரித்தான். "அப்பன்னா இந்த எண்பத்தொன்பதே போதும். ஆனா பெட்டி மேல போட்டிருக்கிற வேகத்தை எல்லாம் நம்பாதீங்க. பெரிய படம் எல்லாம் அனுப்புனா நத்தை மாதிரிதான் போகும்."

"காயிதம்தான் அனுப்பப் போறோம். வேற என்ன கொறை இருக்கு, மறைக்காம சொல்லு."

நல்ல பிள்ளை, மறைக்கவில்லை. "அஞ்சாறு பேரு ஒண்ணா ஏறுனா ஹேங் ஆயிடும் அக்கா. சொன்ன பேச்சு கேக்காது. பிளக்கைப் புடுங்கிட்டு, பத்து எண்ணி, மறுபடி போடுங்க. பிரிண்ட் குடுத்தது எங்கயும் போயிடாது, அவங்கவங்க கம்ப்யூட்டர்லயே வரிசையில நிக்கும். ரவுட்டருக்கு உசுரு வந்ததும் தானா வந்துடும்."

குமுதவல்லி மிச்சமிருந்த இரண்டு பெட்டியையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு நின்றாள். யானை வாங்கத் துணிந்தவன் அங்குசத்துக்கு யோசிக்கலாமா என்று ஒரு மனம் சொன்னது. ஆறு வீட்டுப் பணம், நம் இஷ்டத்துக்கு இருநூற்றெண்பதைக் கொட்ட முடியுமா என்று இன்னொரு மனம் சொன்னது. கடைசியில் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"சின்னதையே வாங்கு குமுதா," என்றார் தங்கராஜு. "இந்த லயத்துக்கு எதுக்கு பெருசு? நாளைக்கு புது வீட்டுக்குப் போனா அங்க நல்லதா ஒண்ணு போட்டுக்குவோம்."

அன்று அவர் அதை மனதாரத்தான் சொன்னார். எண்பத்தொன்பது வெள்ளி ரவுட்டர் லயத்துக்கு வந்து சேர்ந்தது.

தொழிற்சாலை கழித்துப் போட்ட பழைய பிரிண்டர் ஒன்று குமுதவல்லி வீட்டு முன்னறையில் இருந்தது. அதன் பக்கத்தில் ரவுட்டரை வைத்தாள். வீட்டுச் சாவி எப்போதும்போல அண்ணி புஷ்பவள்ளியிடம். குமுதவல்லி வேலைக்குப் போன பிறகு யார் அச்சு எடுத்தாலும் அண்ணியிடம் சாவி வாங்கி, கதவைத் திறந்து, தாளை எடுத்துக்கொண்டு போவார்கள். லயத்தில் இதெல்லாம் கேட்டுச் செய்கிற காரியம் இல்லை. உப்பு வாங்கப் போவது மாதிரிதான்.

ரவுட்டர் சசிதரன் சொன்னபடியே நடந்துகொண்டது. மூன்று நாளுக்கு ஒரு முறை மக்கர் பண்ணும். பண்ணின இரண்டாவது நிமிடம் குமுதவல்லியின் போன் அடிக்கும். "அக்கா, பிரிண்ட் வரமாட்டுது," என்பான் யோகேந்திரன். அவன் விட்டால் அந்தோனியம்மாளின் மகள் கிளாரிஸ். மாதா கோயில் பாட்டுத் தாளோ வேறு எதுவோ, உடனே வேண்டும் அவளுக்கு. பிளக்கைப் பிடுங்கி மாட்டலாமே என்றால், "ஒங்க சாமான் அக்கா, கெட்டுப் போச்சுன்னா?" என்பார்கள். ஸ்டோரில் நின்றபடியே குமுதவல்லி அண்ணிக்குப் போன் செய்வாள், அண்ணி போய்ப் பிடுங்கி மாட்டுவாள். குமுதவல்லிக்குச் சில நாள் எரிச்சலாகக்கூட இருக்கும். ஆனாலும் ஆறு வீட்டுக் காகிதமும் ஒழுங்காகச் சேர்ந்தது. ரவுட்டர் வாங்கியது வீண் போகவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டாள்.

கடைசி வாரம் புதன்கிழமை சாயங்காலம் கம்பெனி ஆள் புனிதன் அவள் வீட்டுக்கு வந்தான். பெயரில் இருக்கிற சுத்தம் ஆளிடம் கிடையாது. சட்டைப் பையில் பேனாவும் வாயில் தேனும் எப்போதும் வைத்திருப்பான்.

"இங்க பாருங்க அக்கா, ஒங்க நல்லதுக்குச் சொல்றேன். ஒங்க அண்ணன் ரொக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டாரு. இன்னும் நீங்க எதுக்குத் தனியா நின்னு நஷ்டப்படணும்? சம்மதப் போரத்தை ஒங்க போனுக்கு அனுப்பிட்டேன். பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு, வெள்ளிக்குள்ள ஆபீஸ்ல குடுத்துடுங்க."

"எங்க அண்ணன் சூடம் அணைச்சவரு. மோட்டர் சைக்கிள எடுத்துக்கிட்டுக் கெளம்பு மொதல்ல," என்றாள் குமுதவல்லி.

அவன் போன பிறகு இதை அண்ணனிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னால் என்ன ஆகும்? நீ போட்டுவிட்டாயா என்று கேட்ட மாதிரி ஆகும். சூடம் அடித்தவரைப் பார்த்து அப்படி ஒரு கேள்வியா? வேண்டாம் என்று விட்டுவிட்டாள். மற்ற வீடுகளிலும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதைப் பெருந்தன்மை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வியாழன் போனது. வெள்ளி போனது. வெள்ளிக்கிழமை முழுக்க அவள் போன் ஒரு தரம்கூட அடிக்கவில்லை. பிரிண்ட் வரவில்லை என்று யாரும் சொல்லவில்லை. ரவுட்டருக்குக்கூட நல்ல புத்தி வந்துவிட்டது என்று நினைத்து வேலையைப் பார்த்தாள். கெடு முடிந்தது, ஆறு பேரும் நின்றுவிட்டோம் என்ற நிம்மதியில் அன்று நன்றாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை ஓவர்டைம் முடிந்து ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தாள். திங்கட்கிழமைக்கான கூட்டு மனுவை அச்செடுத்து வைத்துவிடலாம் என்று தன் கம்ப்யூட்டரைத் திறந்தாள். அண்ணனுடைய ஃபோல்டர் தெரியவில்லை. ரவுட்டரைப் பார்த்தாள். மூன்று விளக்கு எரிய வேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் சிவப்பாக நின்றது.

ஹேங் ஆகியிருக்கிறது. எப்போதிலிருந்து? இரண்டு நிமிடம் பொறுக்காத ஆட்கள் ஏன் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை? அப்போதும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிளக்கைப் பிடுங்கினாள், பத்து எண்ணினாள், மாட்டினாள். விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன.

பிரிண்டர் தானாக ஓடத் தொடங்கியது.

அவள் இன்னும் எதையும் அனுப்பவில்லை. வெளியே வந்த தாளை எடுத்துப் பார்த்தாள். மலாய் மொழியில் இருந்தது. மேலே கம்பெனியின் பெயர், கீழே யோகேந்திரனின் பெயரும் அடையாள அட்டை எண்ணும். ரொக்கத்தைப் பெற்றுக்கொண்டு வீட்டுக் கோரிக்கையைக் கைவிடச் சம்மதிக்கிறேன் என்று நாலு வரி. தேதி நேற்றைய வெள்ளிக்கிழமை. இரண்டு பிரதி வந்தது. வராத ஆத்திரத்தில் இரண்டு தரம் அழுத்தியிருக்கிறான். பிறகு ரந்தா டவுனுக்குப் போய்க் கடையில் எடுத்திருப்பான். பிரிண்ட் வரவில்லை என்று அக்காவுக்குப் போன் போட்டால், என்ன பிரிண்ட் என்று அக்கா கேட்பாளே.

படுபாவி என்று வாய்விட்டுச் சொன்னாள். சொல்லி முடிக்கவில்லை, பிரிண்டர் மறுபடியும் ஓடியது. இந்தத் தடவை அந்தோனியம்மாள். கிளாரிஸ் இப்போதுதான் லேப்டாப்பைத் திறந்திருக்க வேண்டும்.

தாள்களைச் சுருட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். வேறு எங்கே போவாள்? தங்கராஜு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அண்ணி கீழே அமர்ந்து பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களாண்ணே, யோகேந்திரன் போட்டுட்டான். அந்தோனியம்மாக்காவும் போட்டுட்டாங்க. நேத்தே எல்லாம் முடிஞ்சிருக்கு. நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லல." மூச்சு வாங்கியது அவளுக்கு.

தங்கராஜு தாளைக் கையில் வாங்கவில்லை. தூரத்திலிருந்தே பார்த்தார். "விடு குமுதா. அவங்கவங்க கஷ்டம் அவங்கவங்களுக்கு."

"எப்படிண்ணே விடுறது? இன்னும் நாலு குடும்பம் இருக்கோம்ல. வக்கீலுக்கு இப்பவே எழுதிக் கேப்போம், நாலு பேரு நின்னா போதுமான்னு. லேப்டாப்பத் தொறங்க, மனுவுல ரெண்டு பேரை எடுக்கணும்."

"சார்ஜ் இல்ல."

"வயரு இருக்குல்ல."

"நாளைக்குப் பாக்கலாமே."

"நாளைக்கு ஞாயித்துக்கெழமை. மறுநா திங்க. எப்பண்ணே பாக்குறது?"

அவர் எழுந்திருக்கவில்லை. அண்ணி நிமிர்ந்து பார்க்கவில்லை, காயை நறுக்கிக்கொண்டே இருந்தாள். குமுதவல்லியே போய் மேசை மேலிருந்த லேப்டாப்பை எடுத்தாள், வயரைச் செருகினாள், திறந்தாள். அது மெதுவாக விழித்தது. அண்ணன் அதைத் தடுக்கப் போகிறவர் மாதிரி கையை நீட்டினார். திரையின் ஓரத்தில் இணைப்பு வந்துவிட்டதற்கான அடையாளம் தெரிந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம், அவளுடைய வீட்டில், பிரிண்டர் கரகரத்துத் தாளை இழுத்தது.

மூன்று பேருக்கும் கேட்டது. அண்ணி கத்தியைக் கீழே வைத்தாள். ஒரு தாள் விழுந்தது. கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. இன்னொரு தாளை இழுத்தது. குமுதவல்லி லேப்டாப் முன்னால் நின்றபடியே இருந்தாள். போய்ப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"எத்தன தரம் அழுத்துனீங்க?" என்று கேட்டாள்.

"மூணு," என்றார் தங்கராஜு.

மூன்றாவதும் வந்து விழுந்தது. பிறகு அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "புனிதன் வந்தான். நீ போட்டுட்டன்னு சொன்னான் குமுதா. யோகேந்திரன்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருப்பான் போல, எல்லாரும் போட்டாச்சு, நீ ஒருத்தன்தான் பாக்கின்னு. நான் கடையில பிரிண்ட் எடுத்து ஆபீஸ்ல குடுக்கப் போனப்ப மத்த ரெண்டு வீட்டு ஆளுங்களும் அங்கதான் நின்னாங்க. இவளுக்கு வாரம் மூணு நாளு கிட்னி மெஷினு, நேத்தும் ஒன் வீட்டுச் சாவியோட ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருந்தா. ஒண்ணும் இல்லாம நடுத்தெருவுல நிக்க முடியுமா?"

"என்கிட்டயும் வந்தான். நீங்க போட்டுட்டீங்கன்னு சொன்னான். நான் வெரட்டி வுட்டேன்."

தங்கராஜு தலையைத் தூக்கினார். "எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே."

சொல்லவில்லைதான். சொல்லியிருந்தால் புதன்கிழமையே புனிதனின் குட்டு உடைந்திருக்கும். அண்ணனைச் சந்தேகப்படக் கூடாது என்று அவள் வாயை மூடிக்கொண்டாள், அண்ணன் அவளைச் சந்தேகப்பட்டு வாயை மூடிக்கொண்டார். இரண்டு வாயும் மூடியிருந்தது புனிதனுக்கு வசதியாகப் போயிற்று. வெள்ளிக்கிழமையும் கடந்துவிட்டது. ஐந்து குடும்பத்துக்கும் ரொக்கம் உண்டு, வீடு இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிய அவளுக்கு இரண்டும் இல்லை. மோகனாவுக்கு இதை எப்படிச் சொல்வாள்?

"செவரு தாண்டித்தானே இருந்தேன்," என்றாள். "ஒரு தடவ கூப்புட்டு, போட்டியான்னு கேட்டிருக்கலாமேண்ணே."

"கேக்கத்தான் நெனச்சேன். செவரு வரைக்கும் வந்தேன்." தங்கராஜு அந்தச் சுவரைக் காட்டினார். "நீ ஆமான்னு சொல்லிட்டா என்னா பண்றதுன்னு பயந்துட்டேன் குமுதா."

வீடு போனது அவளுக்கு அந்த நேரத்தில் இரண்டாம்பட்சமாகிவிட்டது. நாற்பத்தாறு வருடம் பார்த்த அண்ணன், எவனோ ஒருவன் சொன்னதும் தன்னைப் பற்றி அப்படி நம்பிவிட்டாரே என்பதுதான் ஆறவில்லை. அண்ணி வாய் திறந்து, "ஒக்காரு குமுதா," என்றாள். அவள் உட்காரவில்லை. யோகேந்திரன் தாளையும் அந்தோனியம்மாள் தாளையும் நாலாக மடித்து மேசை மேல் வைத்தாள்.

"ஒங்க காயிதம் மூணும் எங்க வீட்டுல கெடக்கு," என்றாள். "யாராச்சும் பிரிண்ட் எடுக்க வந்தா பாத்துடுவாங்க. எடுத்துட்டு வந்து குடுத்துடுறேன்."